‘டெலிகேட்’ என்று எழுதினேன், சம்பளத்தில் கை வைக்கிறார்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 27. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பி.காம். முடித்து, மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட், அதாவது சுங்கத் தரகர், அலுவலகத்தில் நான்கு வருடமாக ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறார். சம்பளம் மாதம் 22,000 ரூபாய். கையில் சுங்க வேலையில் உதவும் ஊழியருக்கான ஹெச் கார்டு இருக்கிறது, ஆவணங்களில் கையொப்பமிடும் தகுதி தரும் ஜி கார்டுக்கான தேர்வு இன்னும் எழுதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய மேலாளர் ஒரு இறக்குமதி ஃபைலை அனுப்பி, ‘ஐ ஆம் டெலிகேட்டிங் திஸ் டு யூ’ என்று மெயில் போட்டிருக்கிறார். கூடவே, கணினியில் ஆவணங்களுக்குக் கையொப்பமிட உதவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று மாலை வாசகியின் அம்மாவை அவசரமாக ஸ்டான்லியில் சேர்க்க வேண்டி வந்தது. பித்தப்பைக் கல், உடனே அறுவை சிகிச்சை. கிளம்புகிற பதற்றத்தில் ஃபைலையும் டோக்கனையும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மேலாளருக்கு இரண்டு வரி எழுதினார்: ‘ஐ ஹேவ் டெலிகேட்டட் த ஃபைல் டு மை கொலீக். ஐ டெலிகேட் யூ டு செக் த சேம்.’ அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டார். மேலாளரிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

சக ஊழியர் மறந்துவிட்டார். சனிக்கிழமைக்குள் போட்டிருக்க வேண்டிய பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணத்தை, செவ்வாய்க்கிழமைதான் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே கப்பல் வந்துவிட்டதால் மூன்று நாள் தாமதக் கட்டணம், 15,000 ரூபாய். சரக்கின் சொந்தக்காரர் அதைத் தர மறுத்துவிட, அலுவலகமே கட்டியது. புதன்கிழமை வேலைக்குத் திரும்பிய வாசகியின் மேசையில் மெமோ இருந்தது. டெலிகேட் செய்ய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, அந்த 15,000 ரூபாயை மூன்று மாதச் சம்பளத்தில் ஐயாயிரம் ஐயாயிரமாக ஏன் பிடிக்கக் கூடாது, ஏழு நாளில் விளக்கம் கொடு என்று. வாய்மொழியாக மேலாளர் கேட்டது இன்னும் சூடு: “எனக்கே வேலை டெலிகேட் பண்றியா?” இப்போது அலுவலகத்தில் அவருக்கு ‘டெலிகேட் மேடம்’ என்று பட்டப்பெயர்.

வாசகி கேட்கிறார்: “அகராதியில் ‘பணியை ஒப்படைத்தல்’ என்றுதானே போட்டிருக்கிறது மேடம், நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன்? என் இங்கிலீஷ் சரியில்லாததால்தான் இத்தனையும். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தையும் கட்டிவிடவா? 40,000 ரூபாய்க்கு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இருக்கிறது, நகையை வைத்துச் சேரலாமா?”

தங்கைக்கு,

முதலில், அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். நல்லது. அதை முதல் வரியில் எழுதியிருந்தால் நானும் கொஞ்சம் நிம்மதியாகப் படித்திருப்பேன்.

நான் ஆங்கில ஆசிரியை அல்ல, வழக்கறிஞர். ஆனால் ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வாதாடுவது எங்கள் பிழைப்பு. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு விதமாகவும் படித்தேன். மன்னிப்புக் கடிதத்தை இன்றைக்கு எழுதாதீர்கள். நான் சொல்வதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இலக்கணத்தில் குறை இல்லை

உங்கள் இரண்டு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை கிடையாது. இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். டெலிகேட் என்ற வினை இரண்டு விதமாக நிற்கும். வேலையை முன்னால் வைத்தால், ‘இன்ன வேலையை டெலிகேட் செய்தேன்’ என்று சொல்லி, பின்னால் ‘டு’ போட்டு ஆளைச் சொல்ல வேண்டும். ஆளை முன்னால் வைத்தால், ‘இன்னாரை டெலிகேட் செய்தேன்’ என்று சொல்லி, பின்னால் ‘டு’வோடு என்ன செய்ய என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் வாக்கியம் முதல் வகை, இரண்டாவது இரண்டாம் வகை. பலர் ‘ஹி டெலிகேட்டட் மீ த ஒர்க்’ என்று எழுதுவார்கள். ‘கிவ்’ போல இதையும் நினைத்துக்கொள்வதால் வரும் பிழை அது. நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. பட்டப்பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு எங்கே இடித்தது? இந்தச் சொல்லுக்குள் வேலை மட்டும் இல்லை, அதிகாரமும் இருக்கிறது. லத்தீனில் இதன் வேர், ஒருவரைத் தன் சார்பில் தூது அனுப்புவதைக் குறிக்கும். தன்னிடம் உள்ள அதிகாரத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, ‘என் இடத்தில் நின்று இதை முடி’ என்று ஒருவரிடம் சொல்வதுதான் டெலிகேட். கொடுக்கிறவரிடம் அந்த அதிகாரம் முதலில் இருக்க வேண்டும். மேலாளருக்கு வேலை சொல்லும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ‘ஐ டெலிகேட் யூ’ என்றதும், நாற்காலியை மாற்றிப் போட்டு நீங்கள் உட்கார்ந்தது போல அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எழுதிய வரிக்கு அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

நம் பக்கத்துக்குப் புரியும்படி சொல்கிறேன். காசிமேட்டில் விசைப்படகின் சொந்தக்காரர் கரையில் இருப்பார், படகை ஓட்டுகிறவர் கடலில் இருப்பார். எந்தப் பக்கம் போவது, எங்கே வலை விடுவது, காற்று சரியில்லை என்றால் எப்போது திரும்புவது என்பதெல்லாம் ஓட்டுகிறவர் முடிவு. சொந்தக்காரர் அவருக்குக் கொடுத்தது டெலிகேட். அதே படகில் ஒரு பையனிடம் ‘பத்து பெட்டி ஐஸ் ஏத்துடா’ என்று சொன்னால் அது அசைன். அந்தப் பையனுக்கு வேலை உண்டு, முடிவெடுக்கும் உரிமை கிடையாது. ஆனால் படகு வெறும் வலையோடு திரும்பினால் டீசல் காசு யாருடையது? சொந்தக்காரருடையதுதான். ‘எல்லாத்தையும் ஓட்டுறவர்கிட்ட விட்டுட்டேன்’ என்று சொல்லி டீசல் பங்கில் கடனை அடைக்காமல் இருக்க முடியாது. இந்தக் கடைசிப் பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 15,000 ரூபாய்க்கு இதுதான் திறவுகோல்.

ஒரு சின்ன இடைச்செருகல். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதுதான் டெலிகேட் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அது பாதி உண்மை. சங்க மாநாட்டுக்குப் போகும் பேராளரையும் ஆங்கிலத்தில் இதே எழுத்துக்களில்தான் எழுதுகிறோம். பெயர்ச்சொல்லாக வரும்போது கடைசி அசை குறுகி ‘டெலிகெட்’ என்று ஒலிக்கும், வினையாக வரும்போது ‘டெலிகேட்’ என்று நீளும். 1918-ல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய பகுதி நம்முடையது. பேராளர் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பேராளருக்கு அதிகாரம் கொடுப்பது தலைவர் இல்லை, உறுப்பினர்கள். அவர்களிடம் உள்ள குரலை இவரிடம் தந்து அனுப்புகிறார்கள். ஆக, திசையைத் தீர்மானிப்பது பதவியின் உயரம் இல்லை. அதிகாரம் யாருடையது என்பதே கேள்வி. 

தமிழில் இதற்கு நெருக்கமான சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது: வக்காலத்து. கட்சிக்காரர் தன் வழக்கை நடத்தும் அதிகாரத்தை எழுத்தில் எங்களுக்குத் தருகிறார். எழுத்து இல்லாமல் போய் நின்றால் நீதிபதி ‘நீங்கள் யார்’ என்பார். தெருவில்கூட, கேட்காமல் ஒருவருக்காகப் பேசப் போனால் ‘அவனுக்கு ஏன் நீ வக்காலத்து வாங்குற’ என்றுதானே கேட்கிறார்கள்.

‘ஒப்படைத்தல்’ என்று ஒரே பையில்

அகராதியை நம்பியது உங்கள் தவறு இல்லை. தமிழில் ‘ஒப்படை’ என்பது பெரிய பை. சாவியையும் ஒப்படைப்போம், குழந்தையையும் ஒப்படைப்போம், பொறுப்பையும் திருடனையும்கூட ஒப்படைப்போம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். அலுவலக மெயிலில் அடிக்கடி குழம்புவது சிலதான்.

அசைன் என்றால் வேலையைக் கொடுப்பது, அவ்வளவுதான். உங்கள் பெயருக்கு நேரே ஒரு வேலை எழுதப்படுகிறது. அலகேட் என்பது பங்கிடுவது, ஆளையோ பணத்தையோ நேரத்தையோ. என்ட்ரஸ்ட் என்பதில் நம்பிக்கையும் காவலும் சேரும், பணப்பெட்டியையோ சரக்கையோ பொறுப்பில் விடுவது. ஹேண்ட் ஓவர் என்பது பாதியில் இருக்கும் வேலையை அப்படியே கைமாற்றுவது. எஸ்கலேட் என்பது உங்களால் முடிவெடுக்க முடியாததை மேலே கொண்டுபோவது. இதோடு ஒலியில் மட்டும் பக்கத்தில் நிற்கும் ரெலிகேட் என்று ஒன்று உண்டு. அது கீழே தள்ளுவது, வேலை கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கைபேசி தானாகத் திருத்தி டெலிக்கேட் என்று, மென்மையானது என்ற பொருளில், மாற்றி அனுப்பிய மெயில்களையும் பார்த்திருக்கிறேன். அனுப்புமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அன்றைக்கு நீங்கள் சொல்ல நினைத்தது ஹேண்ட் ஓவரும் ஒரு வேண்டுகோளும். ‘அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன். ஃபைலை இன்னாரிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக்குள் போட வேண்டும், தயவுசெய்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.’ ஆங்கிலத்தில்: ‘ஐ ஹேவ் ஹேண்டட் ஓவர் த ஃபைல் டு மை கொலீக். இட் இஸ் ட்யூ டுமாரோ. குட் யூ ப்ளீஸ் செக்?’ இவ்வளவு போதும். அதில் ‘நாளைக்குள்’ என்ற சொல் டெலிகேட் என்ற சொல்லைவிட முக்கியம். நீங்கள் அனுப்பிய இரண்டு வரியில் கெடு இல்லை. அந்தக் குறை உங்களுடையதுதான், அதை நான் மூடி மறைக்க மாட்டேன்.

15,000 யார் தலையில்?

நீங்கள் இரண்டு இடத்தில் தவறாக நினைத்திருக்கிறீர்கள். முதலாவது, “சக ஊழியரிடம் கொடுத்துவிட்டேன், இனி அவர் பொறுப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையை ஒருவர் தன் இஷ்டத்துக்கு இன்னொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது பழைய சட்டக் கொள்கை. லத்தீனில் ‘டெலிகேட்டஸ் நான் போட்டெஸ்ட் டெலிகேரே’ என்று நாங்கள் பந்தாவாகச் சொல்வோம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்களைப் பற்றிப் பேசும் 190-ம் பிரிவு இதையே சொல்கிறது. தானே செய்வதாக ஏற்ற வேலைக்கு முகவர் இன்னொருவரை வைக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலின் வழக்கம் அப்படி இருந்தாலோ, வேலையின் தன்மையே அதைக் கேட்டாலோ வைக்கலாம். நீங்கள் முகவர் அல்ல, ஊழியர். அதனால் இந்தப் பிரிவு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அதன் நியாயம் பொருந்தும். உங்கள் அலுவலகத்தில் விடுப்பில் போகிறவர்கள் ஃபைலைப் பக்கத்து இருக்கையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமா? முன்பு அப்படி நடந்தபோது யாரும் மெமோ கொடுக்கவில்லையா? இருந்தால் அது உங்கள் பக்கம். அந்தக் கட்டைவிரலும் உங்கள் பக்கம்தான். செய்தியைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டுமே சம்மதத்துக்கு முழுச் சான்று ஆகிவிடாது, ‘சும்மா போட்டேன்’ என்று அவர் சொல்லலாம். இருந்தாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று அவரால் சொல்ல முடியாது.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறு. மேலாளர் ‘டெலிகேட்டிங் டு யூ’ என்று எழுதிவிட்டதால் முழுப் பழியும் உங்கள் மேல் வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். டீசல் காசு நினைவிருக்கிறதா? அதே விதி அவருக்கும் உண்டு. வேலையை உங்களிடம் தள்ளியதால் அவர் பதில் சொல்லும் கடமையிலிருந்து விடுபடவில்லை. உங்கள் தொழிலில் இது வெறும் நிர்வாகப் பாடம்கூட இல்லை, எழுதி வைத்த விதி. 2018-ம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகளில் 13-ம் ஒழுங்குமுறையை எடுத்துப் பாருங்கள். ஊழியர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று கண்காணிக்கும் கடமை உரிமம் வைத்திருக்கும் தரகருக்கு உண்டு, ஊழியர்களின் செயலுக்கும் விடுபடலுக்கும் அவரே பொறுப்பு என்கிறது. சுங்கத்துறைக்கு முன்னால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தரகர்தான். அலுவலகத்துக்குள் உங்களைக் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை.

அதே ஒழுங்குமுறையில் இன்னொன்றும் இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரியில் உறுதிமொழிக் கையொப்பம் இட எஃப் கார்டோ (தரகர் உரிமத் தேர்வில் தேறியவருக்கானது) ஜி கார்டோ வைத்திருக்கும் ஊழியருக்குத்தான் தரகர் அதிகாரம் தரலாம். உங்களிடம் இருப்பது ஹெச் கார்டு. அப்படியென்றால் அந்த டோக்கனை உங்கள் மேசையில் வைத்ததே சரியில்லை. ‘உனக்கு டெலிகேட் செய்ய அதிகாரம் ஏது’ என்று மெமோ கேட்கிறது. அந்த டோக்கன் விஷயத்தில் உங்களுக்கு டெலிகேட் செய்ய மேலாளருக்கே அதிகாரம் இல்லை. மண்ணடியில் பாதி அலுவலகங்களில் இப்படித்தான் நடக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். நடக்கலாம். நாளைக்கு ஒரு சரக்கில் பிரச்சினை வந்து விசாரணை வந்தால், அந்தச் சமயத்தில் டோக்கன் யார் கையில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். இனிமேல் அதைத் தொடாதீர்கள், இன்னொருவரிடம் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். ஆனால் இந்த விஷயத்தை மெமோவுக்கான பதிலில் ஆயுதமாக எடுக்க வேண்டாம். எடுத்தால் சமாதானத்துக்கான கதவு மூடிவிடும், தவிர நீங்களும் அதைப் பயன்படுத்தியவர்தான். தேவைப்பட்டால் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்போது பிடித்தம். சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்பதை 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வரையறுத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ம் பிரிவில் நஷ்டத்துக்கான பிடித்தம் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் நம் பேச்சுக்குரிய ஒரு வினைச்சொல்தான் நடுவில் நிற்கிறது: என்ட்ரஸ்ட். காவலுக்கென்று வெளிப்படையாக ஊழியரிடம் ஒப்படைத்த பொருள் சேதமானாலோ தொலைந்தாலோ, அல்லது அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணம் தொலைந்தாலோ பிடிக்கலாம். அந்த நஷ்டம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்ததாகவும் இருக்க வேண்டும். உங்களிடம் அவர்கள் பொருளை என்ட்ரஸ்ட் செய்யவில்லை, பணத்தையும் கொடுக்கவில்லை. ஒரு வேலையைக் கொடுத்தார்கள், அதில் தாமதக் கட்டணம் வந்தது. இது இந்தப் பிரிவுக்குள் வராது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ‘நேரடியாக’ என்ற சொல்லும் உங்களுக்கு உதவும், மறந்தவர் வேறொருவர்.

‘சரி, நஷ்டம் என்று சொல்லவில்லை, அபராதம் என்று பிடிக்கிறோம்’ என்றால்? 19-ம் பிரிவுப்படி ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 22,000-ஐ அப்படியே ஊதியமாக எடுத்துக்கொண்டாலும் அது 660 ரூபாய். தவணை முறையில் வசூலிக்கவும் கூடாது. மெமோவில் உள்ள ‘மாதம் ஐயாயிரம், மூன்று மாதம்’ அங்கேயே அடிபடுகிறது.

அலுவலகம் செய்ய மறந்த ஒன்றும் உண்டு. தாமதக் கட்டணம் விதிப்படி முதல் மூன்று நாள்வரை நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளுக்கு 10,000. ஆனால் சுங்கச் சட்டத்தின் 46-ம் பிரிவு, தாமதத்துக்குப் போதிய காரணம் இல்லை என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் கட்ட வேண்டும் என்கிறது. உங்கள் மருத்துவச் சீட்டை வைத்து யாராவது ராஜாஜி சாலையில் உள்ள சுங்க அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். பல ஆட்கள் இருக்கும் அலுவலகத்தில் ஒருவரின் குடும்ப அவசரம் போதிய காரணமா என்று அதிகாரி திருப்பிக் கேட்கலாம். ஆனாலும் கேட்காமலே கட்டிவிட்டு, ரசீதை நேராக உங்கள் மேசையில் வைப்பது சரியில்லை.

மெமோவுக்குப் பதில்

ஏழு நாளைத் தாண்ட விடாதீர்கள். இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. தமிழிலேயே எழுதுங்கள். தனியார் அலுவலக மெமோவுக்குத் தமிழில் பதில் எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆங்கிலம்தான் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம், ஆனால் முதலில் நீங்கள் உறுதியாக நிற்கும் மொழியில் எழுதுங்கள்.

பதிலில் நான்கு சங்கதி இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு ஃபைல் வந்தது, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். ஃபைலை யாரிடம் கொடுத்தீர்கள், மேலாளருக்கு எப்போது தெரிவித்தீர்கள், அவர் எப்படி ஒப்புதல் காட்டினார். அடுத்து, ‘அந்தச் செய்தியில் நான் பயன்படுத்திய சொல் பொருத்தமற்றது, தங்களுக்கு உத்தரவிடும் நோக்கம் எனக்கு இல்லை, ஃபைல் கைமாறியதைத் தெரிவித்துப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுவதே என் நோக்கம்’ என்று ஒரு வாக்கியம். இந்த அளவுக்கு வருத்தம் தெரிவியுங்கள், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. கடைசியாக, ‘பிடித்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் பிடிக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்’ என்று ஒரு வரி.

‘என் கவனக்குறைவால் நஷ்டம் ஏற்பட்டது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் தட்டச்சு செய்து நீட்டும் தாளில் அந்த வரி இருக்கும், பெரும்பாலும் இரண்டாவது பத்தியில். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் கண்டிப்பாகக் கூடாது. உங்கள் மெயில், வாட்ஸ்அப் உரையாடல், மெமோ, அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். வாடிக்கையாளரின் இன்வாய்ஸ், ஃபைல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், அது புதிதாக ஒரு மெமோவுக்கு வழி செய்யும்.

சக ஊழியரைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கிறதே என்று தயங்குகிறீர்கள். அவர் பெயரை எழுதாமல் பதில் எழுத முடியாது. ஆனால் ‘அவர்தான் மறந்தார்’ என்று எழுத வேண்டாம், ‘அவரிடம் கொடுத்தேன்’ என்பதோடு நிறுத்துங்கள். பதிலைக் கொடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

அப்புறமும் சம்பளத்தில் பிடித்தால், தொழிலாளர் துறையில் கோரிக்கை மனு போடலாம், அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு. வேலையில் இருந்துகொண்டே போட்டால் முகம் கசக்கும், ஜாடைப் பேச்சு வரும். அதையும் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள். 15,000-க்காக இவ்வளவா என்று தோன்றினால் அது உங்கள் உரிமை. ஆனால் விட்டுக்கொடுப்பதைத் தெரிந்து செய்யுங்கள், பயந்து செய்யாதீர்கள். வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கிறது, உங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகும் தூரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்கலாம்.

பட்டப்பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டத்தில் அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்த முறை யாராவது ‘டெலிகேட் மேடம்’ என்றால், ‘என்ன வேலை டெலிகேட் பண்ணணும், சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நகையை வைத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டாம். உங்களுக்கு எழுதத் தெரிகிறது. குறைவாக இருப்பது அலுவலகச் சொற்களின் எடை. அதற்கு நாற்பதாயிரம் தேவையில்லை. உங்கள் மேலாளரும் வாடிக்கையாளர்களும் அனுப்பும் மெயில்களில் இந்த வினைகள் எங்கே, யார் யாருக்கு எழுதும்போது வருகின்றன என்று ஒரு மாதம் நோட்டில் குறித்தாலே பாதி வந்துவிடும். அந்த நேரத்தையும் காசையும் ஜி கார்டு தேர்வுக்குப் போடுங்கள். கார்டு வந்த பிறகு கையொப்ப அதிகாரத்தை உங்களுக்குத் தர வேண்டுமானால், முறைப்படி எழுதித்தான் தர வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.